சோற்றுக்கு முந்திய பொரி

என் மூத்த மகனுக்குப் பதினோரு மாதம் ஆகும் வரை நாங்கள் ஒரு பருக்கை சோறு கொடுக்கவில்லை. வீட்டில் அரிசி இல்லாமல் அல்ல. கல்லும் வாடையுமாக ரேஷன் அரிசி எப்போதும் இருந்தது. பையன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். பிழைப்பானா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் முதல் சோறு உன் சந்நிதியில்தான். அதுவரை ஒரு அரிசிகூட அவன் வாயில் படாது என்று.

பிழைத்தான். நன்றாகவே பிழைத்தான். ஏழாம் மாதத்தில் எங்கள் தட்டில் இருப்பதையெல்லாம் பிடுங்கத் தொடங்கினான்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாயில் தாராவியில் இருந்தோம். திருச்செந்தூர் போய்வரப் பத்து நாளாவது லீவு வேண்டும். கேட்க வேண்டியவன் நான். குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் முன்னால் போய் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை லீவு கேட்கப் போனபோது, "க்யா ஹை?", என்ன விஷயம் என்று நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்தடுத்த மாதங்களிலும் போனேன். அப்போதும் தண்ணீர்தான் குடித்தேன்.

"என்னங்க, கேட்டியளா?" என்பாள் மனைவி, நான் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"இன்னைக்கு அவருக்கு மனசு சரியில்ல."

"அவருக்கா உங்களுக்கா?"

இதற்கிடையில் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? நேர்த்தியை அவள் காத்த விதத்தைப் பார்த்தால் போலீஸ்காரன் தோற்றுவிடுவான். இட்லி கூடாது, அதில் அரிசி இருக்கிறது. தோசை கூடாது. இடியாப்பத்தின் பேச்சே கூடாது. கேழ்வரகுக் கூழ், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மாட்டுங்கா மார்க்கெட்டில் தேடி வாங்கிய ஏத்த வாழைப்பழம், பாலில் ஊறவைத்த பாவ் ரொட்டி. இவ்வளவும் செய்து கரண்டியை எடுத்தாள் என்றால் அவன் உதட்டை இறுக மூடிக்கொள்வான். கூழ் அவன் காதில் இருக்கும், இவள் புடவையில் இருக்கும், வயிற்றில் மட்டும் இருக்காது.

அடுத்த கோலியில் ஒரு அக்கா இருந்தார். ஒற்றை அறை வீட்டை அங்கே கோலி என்போம். அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். பேச ஆரம்பித்தால் தண்ணீர்க் குழாயடி முழுக்க வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். "ஏட்டி, பிள்ளைக்கு ரொட்டியாக் குடுத்து மராட்டிக்காரனா ஆக்கிட்டியே. நாளைக்கு உன்னைய அம்மான்னு கூப்பிடாம ஆயீன்னுல்லா கூப்பிடுவான்" என்பார். மனைவி சிரிப்பாள். ஆனால் அவன் தொடையைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள், சதை குறைகிறதா என்று.

எங்கள் பட்டறைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மனைவி ரேஷன் கடை வரிசைக்குப் போவாள். நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சந்தில் கூடையோடு வந்தவனிடம் பொரி வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். ஒரு பொரி பாயில் விழுந்தது. பையன் அதைப் பார்த்துவிட்டான். குனிந்தான். அவன் மூச்சுக் காற்றிலேயே பொரி பறந்து ஒரு சாண் தள்ளிப் போனது. தவழ்ந்து போனான். மறுபடியும் பறந்தது. மூன்றாம் முறை, எச்சில் விரலில் அது தானாக ஒட்டிக்கொண்டது. வாயில் போட்டான். போட்டதும் கரைந்துவிட்டது. அது எங்கே போயிற்று என்று என்னைப் பார்த்தான்.

நான் இன்னொன்று வைத்தேன்.

கரண்டிக்கு மூடிய வாய் அது. தன் கையால் எடுப்பதென்றால் நாள் முழுக்கத் திறந்திருக்கும் போலிருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அவன் ஒரு பொரியை எடுப்பதைப் பார்த்தால், நான் லேத்தில் அளவு பார்ப்பதெல்லாம் ஒன்றுமில்லை. ஐந்து வெள்ளிக்கிழமை இந்த வேலை நடந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. கரண்டியோடு அவள் அவ்வளவு பாடுபடும்போது என்னிடம் தின்கிறான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பொரியும் அரிசிதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அரிசி என்றால் பானையில் வேகும் அரிசிதான்.

ஐந்தாவது வெள்ளியன்று அக்கா பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். கழுத்து மடிப்பில் ஏதோ வெள்ளையாக இருப்பதைப் பார்த்து விரலால் எடுத்தார். ஒரு பொரி.

"என்ன தம்பி இது?"

"பொரி."

"எதுல செய்யுதான் பொரிய?"

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அக்கா சிரித்த சிரிப்பில் பையனும் சேர்ந்து சிரித்தான். "நாலு மாசமா அவ இட்லிய ஒளிச்சு ஒளிச்சுத் திங்கா. நீங்க என்னடான்னா அரிசிய வறுத்தே குடுத்திருக்கிய! நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

"நான் சொல்லுதேன்க்கா."

"உங்க மேஸ்திரிகிட்ட சொன்ன மாதிரியா? விளக்கு வைக்கதுக்குள்ள சொல்லிரணும்."

எனக்கு முருகனைவிட மனைவியை நினைத்துத்தான் பயம். விளையாட்டுக்கு வைத்த நேர்த்தி இல்லை அது. அந்த ஒரு வாக்கில்தான் பிள்ளையின் உயிர் தொங்குவதாக அவள் நம்பினாள். அவள் ரேஷன் பையோடு வந்து, கால் கழுவி, அடுப்பு பற்றவைக்கும் வரை காத்திருந்தேன்.

"ஏ பிள்ள, பொரிய எதுல செய்யுதாங்க?"

"அரிசிலதான். ஏன்?"

"இவன் திங்கான்."

ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "யாரு குடுத்தா?"

"நான்தான்."

"எத்தன?"

"எண்ணல."

"இன்னைக்கு மட்டுமா?"

"அஞ்சு வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையாப் பாத்தா குடுத்திய?"

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. பிள்ளையை மடியில் போட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கால்களைத் தொட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள். அவன் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அதைக்கூடக் கவனிக்காமல் அவள் மறுபடியும் நெற்றியைத் தொட்டபோது, திட்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"நான் கேக்கச் சொன்ன அன்னைக்கே லீவு வாங்கியிருந்தா இது நடந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை பட்டறையில் நுழைந்ததும் நேரே மேஸ்திரியிடம் போய், நிற்காமல், மூச்சு விடாமல், எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தி, பொரி, பெண்டாட்டி, எல்லாம். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். பன்னிரண்டு நாள் கொடுத்தார். "நீ இத்தனை தடவை வந்து தண்ணீர் கேட்டதில், உனக்குச் சர்க்கரை வியாதி என்று நினைத்திருந்தேன்" என்றார்.

ரயிலில் ஏறும்போதே மனைவி உத்தரவு போட்டுவிட்டாள். "கோயிலுக்குப் போய்ச் சேருத வரைக்கும் பிள்ளை வாய் உங்க பொறுப்பு."

தமிழர்கள் நிறைந்த பெட்டியில் ஒரு தவழும் பிள்ளைக்குச் சோறு கிடைக்காமல் காப்பதைப்போல் கடினமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை. ஒருவர் புளியோதரையை நீட்டுவார். இன்னொருவர் தயிர்சாதத்தை உருட்டிக்கொண்டே வருவார். முன்பின் தெரியாத ஒவ்வொருவரிடமும் போய், "தப்பா நெனைக்காதீங்க, பிள்ளைக்கு ஒரு நேர்த்தி" என்று முதலில் இருந்து சொன்னேன். என் ஆயுளில் நான் அவ்வளவு பேசியது அந்தப் பயணத்தில்தான். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். தோள் குலுங்கியதை வைத்து, சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பொரி விஷயம் தெரிந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சந்நிதியில் நல்ல கூட்டம். "சொல்லுங்க" என்றாள் மனைவி.

"முருகா, தெரியாமக் குடுத்துட்டேன்."

"சத்தமா. என்ன குடுத்தியன்னு சொல்லுங்க."

"பொரி குடுத்துட்டேன் முருகா!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். பின்னால் நின்ற ஒருவர், "பொரிதான அண்ணாச்சி, விடும். ரயில கவுத்த மாதிரியில்லா கத்துதீரு" என்றார். பெண்கள் சிரித்தார்கள். என் காது இரண்டும் சுட்டன. மனைவி மட்டும் சிரிக்காமல் கண்ணை மூடி நின்றாள். திறந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்து, பிரசாதச் சோற்றை நெய்யோடு பிசைந்து, விரல் நுனியில் எடுத்து அவன் வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் நாக்கால் தள்ளி யோசித்தான். பிறகு அவள் கையை விலக்கிவிட்டு, இலையில் ஐந்து விரலையும் வைத்து அள்ளினான். பாதி வாய்க்கும் பாதி வயிற்றின் மேலும் போயிற்று. "மெதுவா தின்னுல பயலே, இனிமே யாரும் தடுக்கமாட்டாவ" என்றாள் அவள்.

திரும்பி வரும் ரயிலில், பெட்டி கிளம்பியதுமே அவள் தூங்கிவிட்டாள். பதினோரு மாதமாகத் தூங்காதவள்போல் தூங்கினாள். பையன் ஒவ்வொரு இருக்கையாகத் தவழ்ந்துபோய் வசூலித்துக்கொண்டிருந்தான். அவள் விழித்தபோது அவன் இரண்டு கையிலும் இட்லி இருந்தது.

"யாரு குடுத்தா?"

"தெரியல."

"இங்கனதான இருக்கிய? யாருன்னு கேட்டாத்தான் என்ன?"

"கேக்கக் கூச்சமா இருந்துச்சு" என்றேன்.