அக்கா காதில் விழுந்த இரண்டு சொற்கள்

"சத்தம் நின்னதாலதான் அண்ணாந்து பாத்தேன்" என்றுதான் அக்கா எப்போதும் தொடங்குவாள். கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் அவளைக் கட்டிக்கொடுத்த ஊரின் மேல், அந்த வாரம் முழுக்கப் பயிற்சி ஹெலிகாப்டர் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. முதல் நாள் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தவர்கள் பிறகு தலையைக்கூடத் தூக்கவில்லை. அன்று காலை குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள் அக்கா. மேலே இரைச்சல் திணறித் திணறி அடங்கிப்போனது. அவள் நிமிர்ந்தபோது அது தென்னை உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. எஞ்சின் வலுவிழந்தாலும் மேலே சுழலும் விசிறியை வைத்தே தரையிறக்கிவிடலாமாம். அதற்குக் கொஞ்சம் உயரம் வேண்டும், அது ஓட்டியவர்களுக்கு இருக்கவில்லை என்று விசாரணைக்கு வந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

விழுந்தது பக்கவாட்டில். உள்ளே இரண்டு பேர். பயிற்சி பெறும் இளைஞர் நினைவின்றி இருக்கை வாரில் தொங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப்புறம், கால்கள் நசுங்கிச் சிக்கிய நிலையில், பயிற்சி கொடுக்கும் அதிகாரி. அவருக்கு நினைவு இருந்தது. பெட்ரோல் பங்கில் அடிப்பதுபோல் நாற்றம். அக்கா கைக்கு எட்டியவரின் வாரைப் புல்லறுக்கும் அருவாளால் அறுக்க, அதிகாரி ஏதோ கத்திக்கொண்டே இருந்தார். "இருங்க சார், வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு இளைஞரை இழுத்து வந்து வரப்புக்கு அந்தப்பக்கம் போட்டாள். திரும்பும்போதே தீ பிடித்துவிட்டது. அப்படியும் ஓடியிருக்கிறாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து அவளைப் பிடித்து இழுத்தபோது இடது கை வெந்திருந்தது.

இளைஞர் பிழைத்துக்கொண்டார். கலெக்டர் ஆபீசில் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை மடித்து யாரிடமோ கொடுத்துவிட்டாள். பாராட்ட வந்தவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். கை எரிச்சல் என்று மாமா நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு அதிகாரியின் மனைவி வந்தார். வடக்கிலிருந்து ரயிலேறி, மொரப்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்திருந்தார். பெங்களூரில் வேலை பார்த்ததில் எனக்கு இந்தி பழக்கம். அதனால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கருகிய இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கடைசியில் அவர் ஏதாவது பேசினாரா?

நான் தமிழில் சொன்னதும் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "பேசுனாருங்க. எனக்குத்தான் அந்தப் பாஷை தெரியலீங்க. பேலே உஸ்கோ, பேலே உஸ்கோன்னு கத்துனாரு. மொதல்ல என்னைய எடுன்னு கூப்புடுறாருன்னு நெனச்சேன். வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். போய்ச் சேர முடியலீங்க."

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாள் "பெஹ்லே உஸ்கோ" என்று திருத்தமாக, மிக மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். "மொதல்ல அவனைன்னு அர்த்தம்க்கா. பையனை மொதல்ல தூக்கச் சொல்லியிருக்காரு" என்றேன்.

பிறகு அந்த அம்மாள் கேட்டார், அந்தப் பையனுக்கு இது தெரியுமா என்று. தெரியாது என்றேன். "சொல்லிவிடாதீர்கள். அவன் இனி நெடுங்காலம் வாழ வேண்டியவன்" என்றார்.

ஆட்டோ கிளம்பிப்போன பிறகு அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். இனியாவது அவள் மனது ஆறும் என்று நினைத்து, "உன்னை அவரு கூப்புடவே இல்லையேக்கா" என்றேன். அவள் காட்டுப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்:

"கூப்புடலீன்னா, நான் திரும்பி வரதுக்குள்ள முடிஞ்சிரும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. தெரிஞ்சுகிட்டேதான் நான் போறதப் பாத்துட்டு இருந்திருக்காரு."