மூட்டையில் அரவைச் சக்கரம்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று ராசிபுரம் பக்கம் என் ஆலை மாவு என்றால் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போகிறார்கள். மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவும் கூலியாக இருந்து, பழைய அரவை மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டு முதலாளியானவன். மற்றவர்கள் மூட்டையில் சாமி படம் போட்டார்கள். நான் அந்த மிஷினின் சக்கரத்தைப் போட்டேன். எனக்குச் சோறு போட்டது அதுதான்.

போன வருஷம் ஸ்பானிஷ் பேசும் நாடு ஒன்றுக்கு மாவு அனுப்பும் வாய்ப்பு வந்தது. மூட்டையில் ‘அல்மிதோன்’ என்று அச்சடிக்க வேண்டும். மாவுச்சத்துக்கு அவர்கள் சொல் அது. வெளிநாட்டு வியாபாரத்தைப் பார்க்கும் என் மருமகள் அந்தச் சொல்லைத் தோண்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“மாமா, இது லத்தீன் வழியா வந்திருக்குதுங்க. முன்னால இருக்கற ‘அல்’ அரபுச் சாயலுங்க. அடி வேரு கிரேக்கத்துல. ஆலையில அரைக்காததுன்னு அர்த்தமுங்க.”

மகனுக்கு அது போதுமாக இருந்தது. சக்கரத்தை எடுத்துவிட்டு மரவள்ளி இலைப் படம் போட வெகுநாளாகக் காத்திருந்தவன்.

“மேல அரைக்காததுன்னு எழுதி, கீழ அரவைச் சக்கரம் போட்டா சிரிப்பாங்கப்பா.”

“எவன் சிரிக்கறது?”

“அர்த்தம் தெரிஞ்சவன் சிரிப்பானுங்க.”

“உனக்கே இப்பத்தான்டா தெரியும்.”

மருமகளிடம் திரும்பினேன். “அரைக்காம எப்படி அம்மிணி மாவு எடுத்தானாம்?”

“கோதுமைய நாள்கணக்கா ஊறப்போட்டு, நசுக்கிப் பிழிஞ்சு, அடியில படிஞ்சத வெயில்ல காய வெச்சாங்களாமுங்க.”

யோசித்தேன். படிய விடுவதும் காய வைப்பதும் என் தொட்டியிலும் களத்திலும் தினமும் நடப்பதுதான். ஆனால் கோதுமை ஊறினால் பிதுங்கும். கிழங்கு ஊறினால் புளித்து நாறும். அதைத் துருவி அரைத்தால்தான் வெள்ளைப் பால் விடும். அந்தப் பழங்காலத்து ஆட்கள் மரவள்ளியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் வேறு பேர் வைத்திருப்பார்கள்.

“ரெண்டும் இருக்கட்டும்,” என்றேன். “அவங்க சொல்லு மேல, என் சக்கரம் கீழ.”

“வாங்கறவங்க கேட்டாங்கன்னா?”

“நீங்க அரைக்காம எடுத்தீங்க, நாங்க அரைச்சு எடுக்கறோம்னு எழுதிப் போடு அம்மிணி.”

“அப்படியே எழுதிர்றனுங்க மாமா,” என்று சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் சாக்கு அச்சடிக்கும் இடத்துக்கு நானே போய் உட்கார்ந்துகொண்டேன். சக்கரத்தை முன்னைவிட ஒரு விரற்கடை பெரிதாகப் போடச் சொன்னேன்.