மல்லாட்டைக் கட்டுரையில் என் பெயர்

சித்ரா பௌர்ணமி அன்று நான் விஞ்ஞானி ஆனேன்.

சிரிக்காதீர்கள். அந்த விவகாரம் போன வாரம்தான் ஒரு முடிவுக்கு வந்தது. அதனால்தான் இப்போது தைரியமாக எழுதுகிறேன்.

அன்றைக்கு ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மலை சுற்ற வந்த ஜனம் ஊர் எல்லை தாண்டி வேங்கிக்கால் வரைக்கும் நிறைந்து கிடந்தது. நடுவில் நான், ஸ்கூட்டரை உருட்டவும் முடியாமல், திருப்பவும் முடியாமல். அப்போது போன். எதிர்முனையில் பேராசிரியர் ஏழுமலை. எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஷாஹீனுக்கு அவர்தான் பிஎச்.டி. கைடு.

"சார், ஷாஹீனோட பேப்பரை ஜர்னல்ல எடுத்துக்கறாங்க போல இருக்கு. பெரிய ஜர்னல் சார்! நீங்க இங்கிலீஷ் திருத்திக் குடுத்தீங்கல்ல... அதான், உங்க பேரையும் ஆத்தர் லிஸ்ட்ல சேர்த்துட்டோம்."

"ஐயையோ, எனக்கெதுக்குங்க அதெல்லாம்!" என்றேன்.

'எனக்கெதுக்கு' என்று சொல்கிற ஆள் அடுத்த மூச்சில் ஒரு கேள்வி கேட்பான், கவனித்திருக்கிறீர்களா? நானும் கேட்டேன்.

"எத்தனாவது பேரு சார்?"

"ஆறாவது."

"மொத்தம் எத்தனை?"

"ஆறுதான்."

பரவாயில்லை. கடைசி பெஞ்சு எனக்குப் புதுசா என்ன?

ஷாஹீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாயின் பெண். தாவரவியல். ஆராய்ச்சி, மல்லாட்டையில். வெளியூர் வாசகர்களுக்காக: நீங்கள் வேர்க்கடலை என்று சொல்வதைத்தான் நாங்கள் மல்லாட்டை என்கிறோம். அந்தச் செடிக்கு இலைப்புள்ளி நோய் வரும். இலையெல்லாம் கருத்துக் கொட்டிப்போகும். அதற்கு வேப்பங்கொட்டைச் சாறு அடித்தால் கேட்குமா என்று கீழ்பென்னாத்தூர் பக்கம் வயல் வயலாகப் போய், இலை இலையாக எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம். பாய் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம பொண்ணு டாக்டராவப் போவுதுங்க. ஊசி போடாது, மல்லாட்டைக்குத்தான் வைத்தியம்" என்பார்.

ஆராய்ச்சி அவளுடையது. ஆனால் ஆத்தர் பட்டியலைப் பார்த்தால், முதல் பெயர் கல்லூரித் தாளாளர். அடுத்தது துறைத்தலைவர். அப்புறம் கைடு ஏழுமலை. அப்புறம் கைடின் மனைவி. அவர் வேறொரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். ஐந்தாவதாக ஷாஹீன். ஆறாவதாக அடியேன்.

"என்ன சார் வரிசை இது?" என்று நேரில் பார்த்தபோது கேட்டேன்.

"வயசு வரிசை சார். பெரியவங்களை மேல போட்டுட்டா யாருக்கும் வருத்தம் இருக்காது பாருங்க. நீங்க மட்டும் கடைசில சேர்ந்ததால கீழ" என்றார் ஏழுமலை.

எனக்குப் புரிந்துவிட்டது. இது ஆய்வுக் கட்டுரை இல்லை, கல்யாணப் பத்திரிகை! நம் ஊரில் பத்திரிகை அடிப்பது எப்படி? தாத்தா பெயர் மேலே. பெரியப்பா, சித்தப்பா. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் தாய்மாமன் பெயர் கட்டாயம். ஒரு பெயர் விட்டுப்போனால் மொய்யும் வராது, மாமனும் வரமாட்டான். கல்யாணம் செய்துகொள்கிற பெண்ணின் பெயர் எங்கேயோ நடுவில், கொஞ்சம் இடமிருந்தால்.

என் பெயரும் இருந்ததால் அந்த வரிசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரிய, நாம் வெளியே இருக்க வேண்டும், இல்லையா?

தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். டீக்கடையில் இரண்டு தடவை சொன்னேன். நாலு நாளில் என் ஈமெயிலுக்கு எங்கிருந்தோ அழைப்புகள் வர ஆரம்பித்தன. 'மதிப்பிற்குரிய விஞ்ஞானி அவர்களே! எங்கள் உலக இதய அறுவை சிகிச்சை இதழின் ஆசிரியர் குழுவில் தாங்கள் இடம்பெற வேண்டும்.' என் மனைவியிடம் காட்டினேன்.

"இதய ஆப்பரேஷனா? ஏங்க, உங்களுக்குப் பலாப்பழமே வெட்டத் தெரியாதே" என்றாள்.

உள்ளூரில் விஞ்ஞானிக்கு மரியாதை கம்மி.

இந்த நேரத்தில்தான் அந்தப் பெரிய ஜர்னல் ஒரு கேள்வி கேட்டது. கட்டுரை பிடித்திருக்கிறது, வெளியிடும் முன் ஒரே ஒரு விஷயம்: ஒவ்வோர் ஆத்தரும் இந்த ஆய்வில் என்ன செய்தார் என்று தனித்தனியாக எழுதுங்கள். கூடவே, கட்டுரை முழுமைக்கும் பொறுப்பேற்பதாக ஒரு வரி.

என்ன அநியாயம் பாருங்கள்! பெயர் போட்டவனிடம் போய் என்ன செய்தாய் என்று கேட்பதா? இது என்ன நாகரிகம்?

ஷாஹீன் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"தாளாளர் என்ன சொன்னாரும்மா?"

"காலேஜ் என்னுது, கரண்ட்டு என்னுது, அதுல ஓடுற கம்ப்யூட்டர் என்னுதுன்னாரு அங்கிள்."

"துறைத்தலைவர்?"

"ஊக்கம் குடுத்தாராம்."

"குடுத்தாரா?"

"வராண்டால பார்க்கறப்பல்லாம் 'இன்னுமா முடிக்கல?'ன்னு கேப்பாரு. அதுதான்."

"கைடு வீட்டம்மா?"

"மேடத்துக்கு ப்ரமோஷனுக்கு ஒரு பேப்பர் கம்மியா இருக்காம்" என்றவள், பேனாவை எடுத்தாள். "நீங்க என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க அங்கிள். 'மொழித் திருத்தம்'னு போட்டுக்கவா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மொழித் திருத்தமா? கமாவும் புள்ளியும் பார்த்தவனா நான்?

"என்னம்மா இப்படிச் சொல்லிட்ட? கட்டுரையையே தூக்கி நிறுத்துனது நான்தான்! கடைசிக்கு முன்னாடி ஒரு பத்தி வெச்சிருந்தியே... ஏரிக்கு அடியில ஒரு வயலு, அங்க மட்டும் சாறு அடிச்சும் நோய் அடங்கலைன்னு? நல்லாப் போய்ட்டிருந்த கதைல அது ஒரு அபசகுனம் மாதிரி இருந்துச்சு. தூக்கிட்டேன்! டேபிள்லயும் அந்த ஒரு வரிசை ஒட்டாம நின்னுது. அதையும் தூக்கிட்டேன். இப்பப் படி, எப்படி வழுக்கிட்டுப் போவுதுன்னு!"

ஷாஹீன் சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள்.

"எப்போ தூக்குனீங்க?"

"திருத்தினப்பதான். உனக்கு நோன்பு நேரம், ஏன் தொந்தரவுன்னு நேரா உங்க சாருக்கே அனுப்பிட்டேன்."

"எங்க சாரு, நான் பார்த்துட்டேன்னு நெனச்சு ஜர்னலுக்கு ஏத்திருக்காரு. நான், சார் பார்த்துட்டாருன்னு நெனச்சு விட்டுட்டேன்." அவள் குரல் தழைந்துவிட்டது. "மத்தவங்க... அவங்க முதல்ல இருந்தே பார்க்கல."

ஆறு பேர் பெயர் போட்ட கட்டுரை. கடைசி வடிவத்தை ஒருத்தர்கூடப் படிக்கவில்லை! ஆறு பேர் சேர்ந்து அடுப்பில் பால் வைத்த வீட்டில் பால் பொங்கி வழியாமல் என்ன செய்யும்?

"ஒரு பத்திதானேம்மா..." என்று இழுத்தேன்.

"அங்கிள், நான் மூணு வருஷத்துல கண்டுபிடிச்சதே அந்தப் பத்திதான். வேப்பங்கொட்டை நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க வேலை செய்யாதுங்கறதுதான் தெரியாது. ஈரம் ஜாஸ்தியா நிக்கிற நிலத்துல அது கேக்கல. இப்ப இருக்கிற மாதிரி வந்துச்சுன்னா, எல்லா வயலுக்கும் இதுவே போதும்னு யாராச்சும் சொல்லுவாங்க. ஏரி ஓரம் பயிர் வெச்சவங்க அதை நம்பி வேற மருந்து அடிக்காம விட்டா? வெறும் குச்சிதான் நிக்கும்."

வாசகர்களே, என்னைப் போலப் பத்திரிகையில் வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் சுபமாக முடிக்க வேண்டும். ஒட்டாததை வெட்டிவிட வேண்டும். என் பத்தியில் வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. முழுப் பத்தியையும் வெட்டினால்கூட நாட்டுக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் மல்லாட்டை வயலில் போய் அந்தக் கத்தரிக்கோலைக் காட்டியிருக்கிறேன்.

மறுநாள் அவளோடு நானும் கல்லூரிக்குப் போனேன். கொலைகாரன் துக்கம் விசாரிக்கப் போவது மாதிரி.

ஏழுமலை கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "விடும்மா. இப்பப் போய் தப்புன்னு எழுதுனா மறுபடி முதல்ல இருந்து ரெவ்யூவுக்குப் போவும். வேணாம்னு திருப்பி அனுப்புனாலும் அனுப்பிடுவாங்க. பேப்பர் வராம நீ தீசிஸ் குடுக்க முடியாது. உனக்கு டைம் முடியப் போவுது, தெரியும்ல? யாரு போயி அந்த ஒரு வயலைத் தேடப் போறாங்க?"

"சார், வாடுன செடியையும் சேர்த்துத்தான் எண்ணணும்னு மொத நாளு வயல்ல நீங்கதான் சொன்னீங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. பிறகு மெதுவாக, "சரி, எழுது. ஆனா எல்லா ஆத்தரும் சம்மதம் தரணும்" என்றார்.

தாளாளரையும் துறைத்தலைவரையும் சம்மதிக்க வைப்பதற்குள் பெண்ணுக்குப் பேரன் பேத்தி பிறந்துவிடும் என்று நான் நினைத்தேன். ஷாஹீன் ஒரே ஒரு வாக்கியத்தோடு போனாள்.

"சார், கட்டுரைல ஒரு தப்பு நடந்துபோச்சுன்னு ஜர்னலுக்கு எழுதறோம். ஆத்தருங்க எல்லாரும் பொறுப்புங்கறதால உங்க பேருலயும்தான் போவும்."

அவ்வளவுதான்! அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வேன்?

தாளாளர்: "என் பேரா? மல்லாட்டைக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்? மொதல்ல எடு!"

துறைத்தலைவர்: "நான் ஊக்கம் குடுத்தது உண்மைதான். ஆனா பொதுவான ஊக்கம். தப்புக்குக் குடுக்கலையே!"

கைடின் மனைவி போனில் போட்ட சத்தம் துறை முழுக்கக் கேட்டது. "என்னைக் கேக்காம என் பேரை யாருங்க போடச் சொன்னது? நான் ஹிஸ்டரி! வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்."

பத்திரிகையில் பெயர் இல்லை என்று சண்டை போட்ட சொந்தக்காரர்கள், கல்யாண மண்டபத்தில் தகராறு என்றதும் "நாங்க சாப்பிட மட்டும்தாங்க வந்தோம்" என்று பின்பக்கக் கதவைத் தேடினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. பெயர் போட்டுக்கொள்ளக் கூட்டம். பதில் சொல்ல ஆளில்லை. பெயரும் பொறுப்பும் ஒரே பையில் வரும் என்று முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால், இந்த நாட்டில் பாதி ஆத்தர்கள் இருந்திருக்கமாட்டார்கள். விழாக் கமிட்டிகளும்தான்.

நான் மட்டும் வீரமாக நின்றேன். "நான் ஓடமாட்டேன்மா. தப்பு என்னுது. என் பேரு இருக்கட்டும்!"

ஷாஹீன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

"தப்பு உங்களுதுதான் அங்கிள். ஆனா படிக்காம அனுப்புனது எங்க பொறுப்பு. எத்தனை இலை எண்ணுனோம்னு யாராச்சும் கேட்டா உங்களால சொல்ல முடியாதே. உங்க பேரையும் எடுத்துடறேன்."

உண்மையைச் சொல்லவா? எடுத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

"வெளிய தள்ளுனதுக்கு இவ்ளோ பசியா?" என்றாள் மனைவி.

மிஞ்சியது இரண்டு பெயர். ஏழுமலை ஓடவில்லை. அதை நான் எழுதியே ஆக வேண்டும். "நான் கைடு. என் கண்ணுல படாம போயிருக்கக் கூடாது" என்று அவரே கடிதத்தில் எழுதினார். "உன் பேரை மேல போடும்மா, என் பேரு கீழ இருக்கட்டும்" என்றும் சொன்னார். நேற்றுவரை வயசு வரிசை பேசிய மனிதர்!

அதற்கப்புறம் எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தவன் ஆவேன். கட்டுரை திரும்பவும் ரெவ்யூவுக்குப் போனது. மாதக்கணக்கில் பதிலில்லை. ஷாஹீனுக்குக் காலக்கெடு முடிந்து, நீட்டிப்புக் கேட்டு, அதே துறைத்தலைவர் அறை வாசலில் நாள் கணக்காக நின்றாள். இதற்குள் ஒரு கல்லூரியில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பட்டம் கையில் இல்லாததால் விண்ணப்பிக்க முடியவில்லை. பாய் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடைப் பக்கம் போகும்போதெல்லாம் "வாங்க, டீ சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்வார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன வாரம் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஏரிக்கு அடி வயல் உட்பட.

ஷாஹீன் ஸ்வீட் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் போன் அடித்தது. துறைத்தலைவர். கையெல்லாம் ஜீரா என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"வாழ்த்துகள்மா! பேப்பர் வந்துடுச்சாமே? இப்ப அதுல தப்பு கிப்பு ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல சார்."

"நல்லதாப் போச்சு. அப்போ... அந்தப் பேரெல்லாம் மறுபடி சேர்க்கறதுக்கு எதுனா வழி இருக்கா? தாளாளரும் கேட்டாரு."

ஷாஹீன் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

"அதுல முடியாது சார். ஆனா மார்கழில திரும்ப விதைக்கறோம், ஏரிக்கு அடி வயல்லயே. விடியக்காலம் பனி இருக்கறப்பவே போயி இலை எண்ணணும். நீங்களும் வாங்க சார். கூட இருந்து எண்ணுனீங்கன்னா, உங்க பேரைப் போடாம விடமாட்டேன்."



"பனியாம்மா? எனக்கு சைனஸ் இருக்கே..." என்று போனை வைத்துவிட்டார்.

ஷாஹீன் என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்க வர்றீங்களா?"

அன்று சாயங்காலத்திலிருந்து எனக்கும் சைனஸ்.