குண்டூசியின் கையெழுத்து

என் தங்கை ஜெயித்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அதற்குக் கொடுத்த கதிர்வீச்சும் ஊசி மருந்தும். மாமியாரின் வாய். அவள் இல்லாதபோது இன்னொருத்திக்குப் போய்விட்ட லாண்டரி மேசை. கடைசியாக, நான்.

நான் மூத்தவள், எட்டாம் வகுப்புவரை படித்தேன். அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய, ஓரத்தில் சிவப்பு நூலால் குறி தைப்பது லாண்டரியில் அவள் வேலை. ஒரு வீட்டுக்குப் பெருக்கல் குறி, இன்னொரு வீட்டுக்கு இரட்டைக் கோடு. ஊசிக்கும் வாய்க்கும் ஒரே கூர் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் குண்டூசி.

ஆஸ்பத்திரியில் குண்டூசிக்குப் பொறாமை பிடித்துக்கொண்டது. சாப்பாடு இறங்கியவர்கள் மேல், எரிச்சல் இல்லாமல் ஒன்றுக்குப் போய் வந்தவர்கள் மேல், பெஞ்சில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்ட என் மேல். எல்லோரையும்விட, பக்கத்துக் கட்டில் கண்ணாடிக்காரி மேல். அவளுக்கும் அதே நோய், அதே மருந்து. ஆனால் ஒப்புதல் தாளில் அவளே கையெழுத்துப் போட்டாள். டாக்டரம்மா அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவளிடமே பேசினார். தங்கையிடம் கட்டைவிரல் ரேகையை மட்டும் வாங்கிக்கொண்டு, விவரத்தை என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

“என்னக்கா சொன்னாங்க?”

“எல்லாம் நல்லாத்தான் போகுதாம்.”

“இதைச் சொல்லவா அவ்வளவு நேரம்? வயிறு என்னோடது, சேதி மட்டும் உனக்கா?”

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பாடு இன்னும் அதிகமானது. சின்ன வலி வந்தாலும் நோய் திரும்பிவிட்டதென்று விறைத்துப்போவாள். மூச்சை இழுத்து மெல்ல விடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செய்வாள், முடித்ததும் என் முகத்தையே துருவுவாள். “நீ எதையோ மறைக்கிறக்கா.” நான் எதையும் மறைக்கவில்லை. அதை நம்ப அவளுக்குத்தான் வழியில்லை.

ஒரு நாள் தலையணை உறையை நீட்டினாள். “இதுல என் பேரைப் பென்சிலால எழுதிக் குடு. கண்ணாடிக்காரி என்ன பெரிய கலெக்டரா?”

என் எழுத்தின் மேலேயே சிவப்பு நூலை ஓட்டினாள். பிரித்தாள், மறுபடி தைத்தாள். அந்த நேரத்தில் மட்டும் வலியைப் பற்றிப் பேச்சில்லை. சில நாளில் உறை முழுக்க அவள் பெயர்.

“தலை வைக்க இடமில்லையேடி.”

“உனக்குத்தான் பெஞ்சுலயே தூக்கம் வருமே. தலையணை எதுக்கு?”

மூன்று மாதம் கழித்து, மயக்கம் கொடுத்துப் பரிசோதிக்கும் நாள். நர்ஸ் மைப் பெட்டியைத் திறந்தார்.

“மூடுங்க சிஸ்டர். பேனா குடுங்க.”

ஒவ்வொரு கோட்டையும் முன்னே இழுத்து, பாதி பின்னே வந்து, மறுபடி முன்னே போனாள்.

“ஏம்மா, போட்ட கோட்டு மேலயே திரும்பப் போறீங்க?”

“ஒரு தடவையோட விட்டா துவைக்கிறப்ப பிரிஞ்சிடும் சிஸ்டர்.”

பரிசோதனை முடிந்து அவள் நன்றாகத் தெளிந்த பிறகு டாக்டரம்மா வந்தார். பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்து வராந்தாப் பக்கம் கையைக் காட்டினார்.

“டாக்டரம்மா, கையெழுத்து நான் போட்டது. என்கிட்டயே சொல்லுங்க. அக்கா, நீ கொஞ்சம் வெளிய இரு.”

வராந்தாவில் நின்று கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். இவள் கேட்கிறாள், அவர் சொல்கிறார், இவள் மறுபடி கேட்கிறாள். கடைசியில் சிரித்தாள்.

“என்னடி சொன்னாங்க?”

“எல்லாம் நல்லாத்தான் போகுதாம்” என்றாள், அப்படியே என் குரலில்.

எனக்கு வயிறெரிந்தது. அவளோ அன்று சாயங்காலமே குறட்டை விட்டுத் தூங்கினாள்.

அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2017 நவம்பர் 9, வியாழக்கிழமை.