நெல்லிவாசல் நாட்டில் ஒரு நடுகல்

எழுபதுகளின் கடைசியில் கல்வெட்டு படியெடுக்கும் வேலையில் இருந்தேன். மனைவி காய்ச்சலில் இறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அதிகாரி என்னை ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போனார்.

திருப்பத்தூரிலிருந்து ஜீப். பாதை முடிந்த இடத்திலிருந்து, சில மலையூர்கள் சேர்ந்த நெல்லிவாசல் நாட்டுக்கு நடை. கலசப்பாக்கம் பக்கமிருந்து பார்த்தால் ஒரே சுவர் போலத் தெரியும் மலை, உள்ளே போனால் மடிப்பு மடிப்பாக விரிந்துகொண்டே இருந்தது. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது என்றார் அதிகாரி. இங்குள்ளவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள் என்றும் சொன்னார். தலையாட்டினேன். எதுவும் உள்ளே இறங்கவில்லை.

நாங்கள் படியெடுக்க வந்த நடுகல் ஒரு சாமைக் கொல்லையின் நடுவில் நின்றது. வில்லேந்திய வீரன், தலைக்கு மேல் நாலு வரி வட்டெழுத்து. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டினேன். தாள் எழுத்துக்குள் அமுங்கியதும் மை ஒற்றினேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

கொல்லைக்காரம்மா களை பிடுங்குவதை விட்டுவிட்டு அருகே வந்தார்.

"இன்னா எழுதிக்கீது சார்?"

"மாடுங்கள மீட்கப் போயி செத்தவன் கல்லும்மா," என்றார் அதிகாரி.

"அவன் பொஞ்சாதி இன்னா ஆனா?"

"அது எழுதல."

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "உங்க வூட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா?"

"நல்லா இருக்காங்க," என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கும் தெரியவில்லை. அந்தம்மா கொடுத்த சாமைக் கஞ்சியைக் குடித்தேன். உப்பு இருந்ததா என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

அன்று அந்த ஊரிலேயே தங்கினோம். காலையில் கிளம்புமுன் தனியாக அந்தக் கொல்லைக்குப் போனேன்.

"நேத்து பொய் சொல்லிட்டேன்மா. என் சம்சாரம் போய்ட்டா. இன்னும் இருபது நாள்கூட ஆவல."

அவர் கையிலிருந்த களையைக் கீழே போட்டார்.

"புள்ளைங்க?"

"இல்லீங்க."

"வெயில்ல நிக்காத, அப்டி குந்து," என்று புளியமர நிழலைக் காட்டினார். உட்கார்ந்தேன். அவர் மறுபடி குனிந்து களை பிடுங்கினார். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அதிகாரி கூப்பிட்டார். தாள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கல் இருந்த ஊருக்கு நடந்தோம்.