மணந்து பார்த்த முதல் பூ

போன கிழமை எங்கள் வீட்டில் ஒரு பூ பூத்தது.

இதெல்லாம் பத்தியில் எழுதுகிற விஷயமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றில், ஏசி மெஷினுக்கும் உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்கும் நடுவில் ஒரு ஜப்பான் ஓர்கிட் பூத்தால்... அது விஷயம்தான்.

காற்று ஓர்கிட் என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்குகிற செடி. இலைகள் இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிந்திருக்கும். மண் வேண்டாம். ஈரப் பாசியை உருண்டையாகப் பிடித்து, அதன்மேல் உட்கார வைத்தால் போதும். பூ வெள்ளை, பின்னால் மெல்லிய வால் ஒன்று வளைந்து தொங்கும். ஆனால் ஆட்கள் இதை விரும்பி வளர்ப்பது வடிவுக்காக மட்டும் இல்லை — வாசனைக்காக.

நானும் வாசனைக்காகத்தான் வாங்கினேன். எனக்கு இல்லை, என் கணவருக்கு.

போன வருடம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. போகும்போது அவருடைய மூக்கால் மணக்கிற சக்தியையும் கொண்டுபோய்விட்டது. அவர் எப்படிப்பட்ட மனிதர் தெரியுமா? வங்கியில் வேலை முடிந்து வந்து படியேறும்போதே, "கீழ் வீட்டில இண்டைக்குக் கணவாய்க் கறி. ரெண்டாம் மாடியில பருப்புக் கொஞ்சம் அடிப்பிடிச்சிட்டுது" என்று செய்தி வாசித்துக்கொண்டு வருவார். அந்த மனிதர் இப்போது, அடுப்பில் பால் கருகிப் புகைய, பக்கத்தில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். சாப்பாடும் குறைந்துபோனது. கேட்டால், "எல்லாம் ஈரக் கடதாசி மாதிரி இருக்கப்பா" என்பார். நான் பயந்துபோனேன்.

"வரும்... வராமலும் போகலாம். காலையும் பின்னேரமும் நாலைஞ்சு சாமானை மணந்து பழகச் சொல்லுங்கோ" என்றார் டொக்டர். விடுவேனா? கராம்பு, தேசிக்காய்த் தோல், கோப்பித்தூள், வறுத்த சீரகம் — எல்லாவற்றையும் சின்னச் சின்னப் போத்தல்களில் போட்டு, மூக்குக்கு முன்னால் நீட்டினேன். முதலில் தலையாட்டி இல்லை என்றார். இரண்டு மாதம் போக, "ஓம்... கராம்பு கொஞ்சம் வாறமாதிரித்தான்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மெல்பேர்னில் இருக்கிற மகளுக்கு உடனே வாட்ஸ்அப் பண்ணினேன்.

கொஞ்சம் வருகிறது என்றால், நல்ல பலமான வாசனை ஒன்றைக் கொடுத்தால் முழுதாக வந்துவிடாதா? இது என் சொந்த வைத்தியம். இரத்மலானையில் வீட்டு வளவுக்குள் ஓர்கிட் வளர்த்து விற்கிற ஒரு சிங்கள அம்மா இருக்கிறார். அவரிடம் போனேன். காற்று ஓர்கிட்டைக் கையில் தந்துவிட்டு, "கொழும்புச் சூட்டில் இது பூக்கிறது கஷ்டம் மிஸ். குளிர்காலம் ஒன்றைக் காட்டினால்தான் பூக்கும்" என்றார் சிங்களத்தில்.

குளிர்காலமா? கொழும்பிலா?

குளிர் மலையூரான நுவரெலியாவில் டீச்சராக இருக்கிற என் சிநேகிதியிடம், மார்கழி பிறக்க முதலே செடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பஸ்ஸில் மடியிலே வைத்துக்கொண்டுதான் போனேன். மாசி முடியத் திருப்பிக் கூட்டிவந்தேன். "எனக்கு ஒருக்காவது இப்பிடி லீவு எடுத்துத் தந்தனீரோ?" என்றார் என் கணவர். கடல் உப்புக்காற்று நேரே படாத பக்கமாகப் பல்கனியில் தொங்கவிட்டேன். மழைத்தண்ணீர் பிடித்துத் தெளித்தேன். ஆனி மாதம் இலைக்கிடையில் இருந்து ஒரு சின்னத் தண்டு எட்டிப் பார்த்தது. மொட்டுத்தான்.

எங்கள் வீட்டில் பூ என்றால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. முதல் பூ சாமிக்கு. சாமிக்குப் போகிற பூவை யாரும் மணக்கக்கூடாது. மணந்தால் அது எச்சில் பட்ட மாதிரி. இவர் இந்த விஷயத்தில் ஒரு அடியும் இறங்கி வரமாட்டார். கோயிலடியில் பூ வாங்கும்போது, யாராவது அந்த மாலையைத் தூக்கி மூக்கருகில் பிடித்ததைக் கண்டால் போச்சு, அடுத்த கடைக்குப் போய்விடுவார். கலியாணம் செய்த புதிதில் நான் ஒரு மல்லிகையை மணந்துவிட்டேன் என்று, "இது இனி உம்மடை தலைக்குத்தான்" என்று கையில் தந்தவர்.

அதனால், மொட்டு விரியப் போகிறது என்று தெரிந்ததும் எனக்கு ஒரே யோசனை. முதல் பூவைப் பிள்ளையாருக்குப் பிடுங்கிவிட்டால்? இவர் எதை மணக்கிறது?

போன கிழமை ஒரு காலை. குளித்து, விபூதி பூசி, பூத்தட்டோடு பல்கனிக்குப் போனவர் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், ஒருக்கா வாரும்."

போனேன். முதல் பூ விரிந்திருந்தது. அவர் பிடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டு நிற்க, குனிந்து, மூக்கு இதழில் படுகிற மாதிரி ஆழமாக மூச்சு இழுத்தார்.

"நல்ல வாசமப்பா" என்றார்.

"உண்மையா வருதோ?"

"ஓம் ஓம். வடிவா வருது."

நான் அழுதேவிட்டேன். தேத்தண்ணீர் போடப் போனவள், மகளுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாம் என்று ஃபோனோடு திரும்பி வந்தேன். இவர் சாமியறைக்குள் போயிருந்தார். படத்தை எடுத்துவிட்டு நானும் குனிந்து மணந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

இன்னொரு தரம். ஒன்றும் இல்லை... அப்போதுதான் இரத்மலானை அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தப் பூ பகல் வெயிலில் வாசனையைப் பொத்தி வைத்திருக்குமாம். பொழுதுபட்ட பிறகுதான் விடுமாம். இவருக்கு அது தெரியாது.

அப்படியென்றால் கராம்பு வாறமாதிரி என்றதும்?

சுகமில்லாதவர்கள் செய்கிற வேலையைப் பார்த்தீர்களா? பார்த்துக்கொள்கிற நாங்கள் வாடிப்போகக்கூடாது என்று அவர்கள் எங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, வந்தவரைப் பார்த்து "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்கிறதும் இதுதானே. எனக்குக் கோபமே வரவில்லை. தன் சட்டத்தை வாழ்நாளில் முதல் தரம் உடைத்திருக்கிறார், ஒன்றும் மணக்காது என்று தெரிந்துகொண்டே. எனக்காக. மகளுக்குப் படம் மட்டும் அனுப்பினேன்.

பின்னேரம் விளக்கு வைத்த பிறகு, பல்கனியில் நாங்கள் உட்கார இரண்டு கதிரையைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. அப்படி ஒரு வாசனை. இவர் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, இது பின்னேரத்தில மட்டும்தான் மணக்கிற பூ" என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. கதிரையை என் பக்கம் திருப்பினார். பிறகு, "நீர் போத்தலை நீட்டிப்போட்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பீர். அந்த முகத்துக்கு எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?" என்றார்.

"இனி இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் தாங்குவன்."

"இல்லை" என்றார்.

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் திறீவீலர் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"சரி, நீர் சொல்லுமன். எப்பிடி இருக்கு?"

"மல்லிகை மாதிரித்தான். ஆனால் அவ்வளவு குத்தாது. உள்ளுக்குத் தேங்காய்ப்பால் மாதிரி ஒண்டு..."

"காய்ச்சின பாலோ, பச்சைப் பாலோ?"

எழும்பிப் போய், கண்ணை மூடி, திரும்ப மணந்து பார்த்தேன்.

"பச்சைப் பால். இப்பத்தான் பிழிஞ்ச முதல் பால்."

அவரும் கண்ணை மூடினார். "ம்... தெரியுது" என்றார்.

இந்த முறை நான் நம்பினேன்.