வேனின் கிழக்குப் பக்கம்

வாராவாரம் இங்கே எழுதுகிறேனே தவிர, எழுதும் தகுதி நமக்கு உண்டா என்ற கூச்சம் இன்னும் போகவில்லை. பத்தாவதோடு நின்றவன். மன்னியுங்கள். இந்த வாரம் கூடுதலாகவே மன்னிக்க வேண்டும்... சொல்லப் போவது என் தப்பை.

பத்து நாளைக்கு முன், மில்லர்புரத்தில் எங்கள் தெருவுக்குக் கொசு ஒழிப்புக்காரர்கள் வந்தார்கள். என் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நின்ற வேனைப் பார்த்ததும் அவர்களில் ஒரு அம்மா நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, வண்டி ஓடுமா?"

"ஓடும்" என்றேன்.

"எங்க, ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்."

எங்கே பண்ணுவது? பம்பர் இடுக்கில் முருங்கைக் கன்று முளைத்திருக்கிறது. உள்ளே மழைத்தண்ணீர், அதில் கொசுப்புழு. ஓடாத வண்டியை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். ஏழு நாளில் அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். நியாயம்தான். ஆனால், வேன் என்னுடையது இல்லையே!

அது சலீமுடையது. காயல்பட்டினத்துத் தம்பி. அவர் வீட்டுச் சந்துக்குள் வேன் நுழையாது. சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போனார். திரும்பி வந்து இதை ஓட்டித்தான் பிழைக்கப் போகிறேன், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் மட்டும் பண்ணி வையுங்கள் என்றார்.

இது ஒரு வேலையா? எனக்கு வேலைதான். அது உறுமினால் தெருவே எட்டிப் பார்க்கும். கூச்சம். ஒரே மாதத்தில் விட்டுவிட்டேன். பேட்டரி செத்தது. அப்புறம் அதைச் சொல்லவும் கூச்சம்...

எப்படிச் சமாளித்தேன்? எங்கள் ஊரில் நின்ற இடத்திலேயே நிற்கும் இரும்பை, கடல் காற்று கிழக்குப் பக்கமிருந்துதான் தின்னும். மேற்குப் பக்கம் கொஞ்ச காலம் தப்பிக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் துடைத்து, மாதம் ஒரு படம் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். கூடவே 'வண்டி ஜோர்' என்று ஒரு வரி. இப்படியே மூன்று வருஷம்!

ஆறாம் நாள் சலீமுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, மூணு வருசமா மேற்குப் பக்கத்தையே அனுப்புதீங்க. நானும் கடக்கரைக்காரன்தானே... எனக்குத் தெரியாதா?"

பிறகு ஏன் கேட்கவில்லை?

"கேட்டா நீங்க உண்மையைச் சொல்லிருவீங்க. அங்கன வண்டி நிக்கிதுன்னு நெனச்சாத்தான், ஊருக்குத் திரும்பணும்னே தோணுது."

அவரே, வண்டியை எடுக்கப் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லுங்கள் என்றார். ஊருக்கு எப்போது வருவார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எடுக்கும் முன் ஒரு படம் மட்டும் கேட்டார் - கிழக்குப் பக்கத்தை.

ஒருவர் சொல்லக் கூசுகிறார், இன்னொருவர் கேட்கக் கூசுகிறார்... நடுவில் நிற்கும் வண்டி துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

மறுநாள் காலை பழைய இரும்புக்காரர் வந்து வேனை இழுத்துக்கொண்டு போனார். அதற்கு முன் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். இந்த முறை துடைக்கவில்லை.